இடுப்புக்குள் ஒரு தூளி

தமிழில் 'இடுப்பு' என்னும் ஒரு சொல்லே உடலின் பல இடங்களுக்குப் பொதுவாக வழங்கிவருகிறது. தண்ணீர்க் குடத்தை இடுக்கிக்கொள்வது இடுப்பில். ஒட்டியாணம் பூட்டுவது இடுப்பில். அழும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இடுப்பில்தான். பேறுகால வேதனை தொடங்கிவிட்டால் அதையும் 'இடுப்பு வலி கண்டுவிட்டது' என்றே வீட்டார் சொல்வர். இத்தனையையும் சுமக்கும் அச்சொல்லுக்குள், கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து தாங்கி நிற்கும் தசைகளுக்கு மட்டும் தனிப்பெயர் அமையவில்லை. மருத்துவத் தமிழ் அவற்றை 'இடுப்புத் தளத் தசைகள்' என்று எழுதுகிறது. அத்தொடர் இன்னும் பாடநூலை விட்டுத் திண்ணைக்கு வந்து சேரவில்லை. பெயரில்லாத உறுப்பைப் பற்றிப் பேசுவது கடினம் என்பதாலும், பேசப்படாத உறுப்புக்குப் பயிற்சி சொல்லித்தருவது அதனினும் கடினம் என்பதாலும், கருவுற்ற பெண்கள் காசு செலவின்றி, கருவி எதுவுமின்றிச் செய்யக்கூடிய ஒரு பயிற்சி தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பெரும்பாலும் அறியப்படாமலே இருக்கிறது.

வயிற்றுக் குழியை எல்லாப் புறமும் மூடிய ஒரு பானையாக எண்ணிக்கொண்டால் இத்தசைகளின் வேலை விளங்கும். பானையின் மூடியாக, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை அமைந்திருக்கிறது. பின்சுவராக முதுகெலும்பும் அதை ஒட்டிய தசைகளும், முன்சுவராகவும் பக்கச் சுவராகவும் வயிற்றுத் தசைகளும் நிற்கின்றன. அடிப்பாகமாக, அடிவயிற்றுக்குக் கீழே கையால் தொட்டறியக்கூடிய முன்னெலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரை, புடவையில் கட்டிய தூளியைப் போல இடுப்புத் தளம் தொங்குகிறது. ஏணை என்றும் சொல்லப்படும் அத்தூளியின் துணி எப்படிக் குழந்தையின் எடைக்கேற்ப இளகியும் இறுகியும் கொடுக்கிறதோ, அப்படியே இத்தசைத் தளமும் மூச்சு உள்ளே போகும்போது சற்றுத் தாழ்ந்து, வெளியே வரும்போது உயர்கிறது. சிறுநீர்த் துளை, பிறப்புப் பாதை, மலவாய் ஆகிய மூன்று வழிகளும் இதனூடாகவே செல்வதால், வேண்டிய நேரத்தில் அவற்றை மூடிவைப்பதும் வேண்டிய நேரத்தில் திறந்துவிடுவதும் இதன் பொறுப்பாகின்றன. இருமல், தும்மல், சிரிப்பு, பளு தூக்குதல் என்று வயிற்றுக்குள் அழுத்தம் கூடும் ஒவ்வொரு முறையும் அவ்வழுத்தம் கீழ்நோக்கி வந்து இத்தூளியின் மேல்தான் விழுகிறது.

கருவுறாத காலத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 கிராம் வரை எடையுள்ள கருப்பை, நிறைமாதத்தில் ஒரு கிலோ அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அதனுள் மூன்று கிலோ அளவிலான குழந்தை, அரைக் கிலோ அளவிலான நஞ்சுக்கொடி, ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான பனிக்குட நீர் ஆகியவை சேர, ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் இரவு பகலாக இடுப்புத் தளத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதே காலத்தில் ரிலாக்சின், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புகள் மூட்டுகளையும் தசைநார்களையும் இளக்கிக் குழந்தை வெளிவருவதற்கு ஆயத்தம் செய்வதால், பாரம் கூடுகிற மாதங்களிலேயே தாங்கும் கட்டும் தளர்கிறது. இயல்பான பிரசவத்தில் குழந்தையின் தலை கடந்து வரும்போது இத்தசைகளின் உட்பகுதி தன் இயல்பு நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இழுபட வேண்டியிருக்கும் என்று கணினி மாதிரிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. கையிலோ காலிலோ உள்ள தசை எதுவும் இந்த அளவு இழுபட்டால் கிழிந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான பெண்களிடம் இத்தளம் மீண்டு வருவது வியப்புக்குரியது. மீளாதவர்களிடம் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதும், ஆண்டுகள் கழித்துக் கருப்பை கீழிறங்குவதும் காணப்படுகின்றன.

வயிற்றுச் சுவரின் கதை இதற்கு இணையானது. நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைகளாக ஓடுவது நேர்வயிற்றுத் தசை. பக்கங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடப்பவை இரு சாய்வுத் தசைகள். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒட்டியாணம் போல் வயிற்றைச் சுற்றிவருவது குறுக்கு வயிற்றுத் தசை. நேர்வயிற்றுத் தசையின் இரு பட்டைகளையும் நடுவில் தைத்து வைத்திருக்கும் நாரிழைப் பட்டை வெண்கோடு எனப்படும். கருவுற்ற பெண்கள் பலரின் வயிற்றில் தொப்புளை ஒட்டி மேலும் கீழுமாகக் கரிய கோடு ஒன்று தோன்றுவதை எல்லோரும் அறிவர். அது தோலின் நிறம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் அக்கருங்கோட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வெண்கோடு, வயிறு பெருக்கப் பெருக்க அகன்றுகொண்டே போகிறது. இதனையே வயிற்றுத் தசை விலகல் என்கின்றனர். கடைசி மாதத்தில் ஏறக்குறைய எல்லாப் பெண்களிடமும் இது ஓரளவு காணப்படும். முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வில், பிரசவமாகி ஆறு வாரத்தில் 60 விழுக்காட்டினரிடமும் ஓராண்டில் ஏறத்தாழ 33 விழுக்காட்டினரிடமும் விலகல் இருந்தது. விலகல் உள்ளவர்களுக்குக் கீழ்முதுகு, இடுப்பு வலி கூடுதல் என்னும் பரவலான நம்பிக்கைக்கு அவ்வாய்வில் சான்று கிட்டவில்லை. ஆகவே 'வயிறு கிழிந்துவிட்டது' என்று அஞ்சுவதற்கு இதில் எதுவுமில்லை. வளரும் குழந்தைக்கு உடல் இடம்விட்டுக் கொடுத்த முறை இது.

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் மணவூரை அடுத்து வரும் திருவாலங்காட்டை நடுவாக வைத்துப் பார்த்தால், இவ்வுடலியல் செய்திகள் வேறொரு முகம் கொள்கின்றன. நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தினசபை அமைந்த ஊர் என்று சைவர்கள் அறிந்த திருவாலங்காடு, சுற்றுவட்டாரத்துக்குத் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் ஊருமாகும். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் இந்நிலப்பகுதியிலிருந்து விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் பெண்களும் உண்டு. காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்களும் உண்டு. மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் உள்ள சிப்காட் வளாகங்களைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் வேறு. செங்கல் சூளைகளில் கணவரோடு சேர்ந்து கல் அறுத்து அடுக்கும் பெண்கள், அவர்களுள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், வேறு. நாற்று நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, கன்வேயர் முன் எட்டு மணி நேர ஷிப்ட் என்று நாள் முழுவதும் உடலால் உழைக்கும் இப்பெண்களிடம் கர்ப்பகால உடற்பயிற்சி பற்றிப் பேசினால், 'வேலை செய்கிறவளுக்குத் தனியாக எதற்குப் பயிற்சி?' என்ற எதிர்க்கேள்வி எழுவது இயல்பே. குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பது மாமியார், பாட்டி என வழிவழியாக வந்த நம்பிக்கை. அதைக் கேலி செய்வது எளிது, ஆராய்வதே தக்கது.

அந்நம்பிக்கைக்கு மருத்துவ நூல் ஒன்றின் துணையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் கேத்லீன் வாகன், திரைக்குள் அடைபட்டு வாழ்ந்த செல்வர் வீட்டுப் பெண்கள் பிரசவத்தில் பெரிதும் துன்புற்றதையும், படகு வலித்தும் வயலில் குந்தி அமர்ந்து வேலை செய்தும் வாழ்ந்த ஏழைப் பெண்கள் எளிதாகப் பெற்றெடுத்ததையும் கண்டு, 1937-இல் பாதுகாப்பான பிரசவம் பற்றி நூல் எழுதினார். வெயில் படாத பெண்களுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகி, இடுப்பெலும்பின் வடிவமே குறுகிக் கோணியிருந்தது அவர் கண்ட வேறுபாட்டுக்குப் பெருங்காரணம். அதாவது, வாகன் கண்டது வெயிலும் அசைவும் எலும்புக்குச் செய்யும் நன்மையை. இடுப்புத் தளத் தசையின் வலிமையை அன்று. குந்தி அமர்வது இடுப்பெலும்பின் கீழ்வாயை ஓரளவு அகலச் செய்கிறது என்பதும் உண்மைதான். எனினும், எலும்பின் வாயில் அகன்றிருப்பதும், வாயிலைக் காக்கும் தசை வலுவாக இருப்பதும் இருவேறு செய்திகள். பாட்டியின் அறிவுரை முதலாவதற்குப் பொருந்துகிறது, இரண்டாவதற்குப் போதவில்லை.

உழைப்பும் பயிற்சியும் ஏன் ஒன்றல்ல என்பதற்குத் தசையின் இயல்பே விடை. ஒரு தசை வலுப்பெற வேண்டுமானால் அதனைக் குறிவைத்துச் சுருக்க வேண்டும், சுருக்கியபின் முழுதும் தளரவிட வேண்டும், நாளடைவில் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். செங்கல்லையோ நெல் மூட்டையையோ தூக்குகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குகிறார். அப்போது பானையின் மூடி இறங்கி, சுவர்கள் இறுகி, அழுத்தம் முழுவதும் தளத்தின் மேல் கீழ்நோக்கி விழுகிறது. தளம் மேலெழுந்து எதிர்நிற்கப் பழகியிருந்தால் தாங்கும். பழகாத தளம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். ஆண்டுக்கணக்கில் பளு தூக்கும் வேலையைக் கருப்பை இறக்கத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக மருத்துவர்கள் கணக்கில் கொள்வது இதனால்தான். நின்றே பார்க்கும் வேலையில் பளு இல்லாவிட்டாலும் ஓய்வு இல்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்பான ஒரு மாதத்தில், கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ கர்ப்பிணிக்குக் கொடுக்கலாகாது என்று விதித்தது. பின்னர் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்விதி 'அப்பெண் கேட்டுக்கொண்டால்' என்று தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவரும், குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கு வந்தவரும் எந்தத் துணிவில் கேட்பர் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடுப்புத் தளத்துக்கான பயிற்சி இன்று உலகெங்கும் கீகெல் பயிற்சி என்று வழங்குகிறது. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கீகெல், பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களை அறுவைக்கு அனுப்புவதற்கு முன், தசையைப் பழக்கிப் பார்க்கலாம் என்று கருதி, சுருக்கத்தின் வலிமையை அளக்கும் சிறு கருவி ஒன்றையும் வடிவமைத்து, 1948-இல் தம் முறையை வெளியிட்டார். இந்திய ஹடயோக மரபில் மூலபந்தம் என்றும் அசுவினி முத்திரை என்றும் சொல்லப்படுபவை இதே பகுதியைச் சுருக்கும் பயிற்சிகளே. எனினும் அவற்றின் நோக்கம் வேறு, மூச்சை அடக்கிச் செய்யும் முறையும் வேறு. கர்ப்பகாலத்தில் மூச்சை அடக்குவது தகாது என்பதால், யோகம் பயின்ற பெண்ணும் இதனைப் புதிதாகவே கற்றுக்கொள்வது நல்லது. கபாலபாதி போன்று வயிற்றை வேகமாக உதறும் பயிற்சிகளும் இக்காலத்துக்கு ஏற்றவை அல்ல.

முதற்கண் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் நடுவே இருக்கும்போது வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை அடக்குவது போலவும் உள்ளிழுத்தால், மலவாயிலிருந்து முன்னோக்கி ஏதோ ஒன்று மூடி மேலே ஏறுவது போன்ற உணர்வு தோன்றும். அதுவே இடுப்புத் தளம் சுருங்கும் உணர்வு. வயிறு வெளியே தள்ளினாலோ, பிட்டமும் தொடையும் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ தவறான தசை வேலை செய்கிறது என்று பொருள். சிறுநீர் கழிக்கும்போது நடுவே நிறுத்திப் பார்ப்பதை அன்றாடப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் தொற்றுக்கு அது வழிவிடும். தசை பிடிபட்டபின், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே உள்ளிழுத்து, இயல்பாக மூச்சுவிட்டபடி இயன்ற அளவு, தொடக்கத்தில் மூன்று நான்கு விநாடியும் பழகப் பழகப் பத்து விநாடி வரையும், பிடித்திருந்து, பின் அதே அளவு நேரம் முழுதும் தளரவிட வேண்டும். இவ்வாறு ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை செய்வது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. இவற்றோடு, சட்டெனச் சுருக்கிச் சட்டென விடும் விரைவுச் சுருக்கங்கள் பத்தும் சேர்த்துக்கொள்ளலாம். தும்மல் வரும் நொடியில் உதவுபவை இவையே. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பயன் தெரியும் என்பதால் ஒரு வாரத்தில் சலித்துக்கொள்வது பொருந்தாது.

இதில் ஒரு நுட்பம் மட்டும் உடனே பயன் தருவது. இருமுவதற்கும் தும்முவதற்கும் குடத்தைத் தூக்குவதற்கும் ஒரு நொடி முன்னதாக இத்தசையைச் சுருக்கிக்கொள்வதே அது. 1998-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறுநீர்க் கசிவுள்ள மூத்த பெண்களுக்கு இதனை ஒரு வாரம் பழக்கியபோதே இருமலின்போது கசிவு குறைந்ததைக் கண்டனர். நாற்றுக் கட்டைத் தூக்கும்போதும், பஸ் படியில் ஏறும்போதும் இப்படிச் சுருக்கக் கற்றுக்கொண்ட பெண்ணின் உழைப்பு மெய்யாகவே பயிற்சியாக மாறத் தொடங்குகிறது.

சான்றுகளைப் பொறுத்தவரை, இத்துறை வலுவான நிலையில் இருக்கிறது. 21 நாடுகளில் 10,832 பெண்களிடம் நடந்த 46 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, கசிவு இல்லாத நிலையில் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயிற்சியைத் தொடங்கிய பெண்களுக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் கசிவு ஏற்படும் வாய்ப்பு 62 விழுக்காடும், பிரசவமாகி மூன்று முதல் ஆறு மாதத்தில் 29 விழுக்காடும் குறைவதாகக் கண்டது. ஏற்கெனவே கசிவு வந்தபின் கர்ப்பகாலத்தில் பயிற்சியைத் தொடங்கியவர்களிடம் இத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. வருமுன் காக்கும் மருந்தாகவே இது மிகுதியும் செயற்படுகிறது. ஆகவே கசிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் இழப்பு உண்டு.

தசையை இறுக்கிப் பழகினால் பிரசவத்தில் வழி அடைத்துக்கொள்ளாதா என்னும் அச்சம் பலருக்கு எழுகிறது. பயிற்சியின் பாதி தளரவிடுதலே என்பதை மறந்தால்தான் அந்த அச்சத்துக்கு இடமுண்டு. எந்தத் தசையைச் சுருக்கத் தெரிகிறதோ அதனையே விரும்பியபடி தளரவிடவும் தெரியும். குழந்தையின் தலை இறங்கும் நேரத்தில் தேவைப்படுவது அந்தத் தளர்ச்சிதான். நிறைமாதம் நெருங்கும்போது சுருக்கத்தைக் குறைத்து, ஒருக்களித்துப் படுத்தோ சம்மணமிட்டு அமர்ந்தோ, மூச்சை ஆழ இழுக்கும்போது தளம் கீழே இளகி விரிவதை உணர்ந்து பழகுவது இதற்கு உதவும்.

வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியில் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது சற்று அதிகம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனை நிற்பது போல் நின்று, மூச்சை விடும்போது தொப்புளுக்குக் கீழ்ப்பகுதியைக் குழந்தையை அணைப்பது போல் மெல்ல உள்ளிழுத்துப் பிடிப்பது, உள்ளிருக்கும் குறுக்குத் தசையை வேலை வாங்கும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடுப்பைச் சற்று முன்புறமாகச் சுருட்டி, கீழ்முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து விடுவது முதுகு வலிக்கும் இதமானது. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி எழும் பயிற்சியும், இரு கால்களையும் சேர்த்து உயர்த்தும் பயிற்சியும் வெண்கோட்டின் மேல் வீண்பாரம் ஏற்றக்கூடியவை. எந்த அசைவின்போதேனும் வயிற்றின் நடுவே கூம்பு போலப் புடைத்து எழுந்தால் அவ்வசைவை விட்டுவிட வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றல் உண்டாக்கலாம். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்துத் திரும்பிக் கையூன்றி எழ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவருவது, இந்த இடத்தில் இயன்முறை மருத்துவரின் அறிவுரையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. இவற்றோடு நடையும் சேர வேண்டும்: உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, தடையேதும் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவைப் பரிந்துரைக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அது காலையிலோ மாலையிலோ ஆக வேண்டும் என்பதைச் சொல்ல நெறிமுறை தேவையில்லை.

பயிற்சியைக் கெடுக்கும் எதிரி ஒன்று மருந்துப் பொட்டலத்திலேயே வருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரத்தசோகை இருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை எவரும் விட்டுவிடலாகாது. ஆனால் அம்மாத்திரை பலருக்கு மலச்சிக்கலைத் தருகிறது. கர்ப்பகாலச் சுரப்புகளும் குடலின் ஓட்டத்தை மந்தமாக்குகின்றன. வேலையிடத்தில் கழிப்பறை தொலைவில் இருந்தாலோ இல்லாமலே போனாலோ பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். மூன்றும் சேர்ந்தால் முக்கி மலம் கழிக்க நேர்கிறது; அந்த முக்கலில் தூளி மேலும் இழுபடுகிறது. நாள்முழுதும் போதிய தண்ணீர், கீரை, பயறு, கொய்யா போன்ற நாருள்ள உணவு, குந்தி அமரும் கழிப்பறை, நாற்காலி வகைக் கழிப்பறையானால் காலடியில் ஒரு முக்காலி ஆகியவை இதற்கு உதவுபவை. சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவது தொற்றுக்கும் வழிவிடுகிறது. ஷிப்ட் நடுவே கழிப்பறைக்குச் செல்ல அனுமதி என்பது மகப்பேற்று மருத்துவத்தின் பகுதி என்று எந்த ஆலை நிர்வாகமும் இன்னும் எண்ணுவதாகத் தோன்றவில்லை.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எல்லாப் பயிற்சியும் ஏற்றதல்ல. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே அமைந்தவர்கள், கருப்பை வாய் தளர்ந்து தையலிடப்பட்டவர்கள், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தோடு புரதக் கசிவும் உள்ளவர்கள், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தவர்கள், குறைமாத வலி கண்டவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடங்கலாகாது. பயிற்சியின்போது உதிரப்போக்கு, நீர் ஒழுகுதல், விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அவ்வாறே.

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. முன்சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அவற்றுள் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். அறுவை என்றால் இடுப்புத் தளத்துக்கு ஒன்றும் நேர்ந்திராது என்று எண்ணுவோர் உண்டு. பிறப்புப் பாதை வழியான இழுபாடு அறுவையானவர்களுக்கு இல்லாமற்போவதால் கசிவின் வாய்ப்பு குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஒன்பது மாதப் பாரம் இருவகையினருக்கும் பொதுவானதாகையால், கசிவு அறவே வராது என்பதற்கில்லை.

இவற்றையெல்லாம் எவர், எங்கே, எந்தச் சொற்களில் சொல்வது என்பதே எஞ்சியிருக்கும் சிக்கல்; நாணம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. காளியோடு ஆடிய போட்டியில் இறைவன் காலை வானோக்கித் தூக்க, நாணத்தால் காளி அவ்வாறு செய்யாமல் நின்று தோற்றாள் என்று திருவாலங்காட்டுத் தலபுராணம் சொல்கிறது. நாணமே வெற்றிதோல்வியைத் தீர்த்துவைத்த ஊர் அது. மருத்துவத்திலும் நாணம் தோல்வியைத் தந்ததற்குப் பதிவு உண்டு. 1997 வரை திருவள்ளூரோடு ஒரே மாவட்டமாக இருந்த செங்கல்பட்டுப் பகுதியில், 1981-இல் சுந்தரி ரவீந்திரனும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து தொடங்கிய ருவ்செக் என்னும் பெண்கள் அமைப்பு, கருப்பை இறக்கத்தோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவத்தை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. உட்காரவும் எழவும் வேலை செய்யவும் துன்புற்ற நிலையிலும் சிகிச்சை தேடாமல் காலம் கடத்திய பெண்கள் அதில் பேசுகின்றனர். அண்டை நாடான நேபாளத்தில் இதே நோய், 2008-இல் உச்ச நீதிமன்றம் அதனைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை பற்றிய கேள்வியாக ஏற்றுத் தீர்ப்பளிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

சொல்லித்தரும் கைகள் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவுசெய்கிறார். மாதந்தோறும் 9-ஆம் நாள் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் பக்கவாத நோயாளிகளின் வீடு தேடிச் செல்கின்றனர். எடையும் இரத்த அழுத்தமும் பார்த்து அட்டையில் எழுதும் அந்தப் பரிசோதனை நாளில், வரிசையில் காத்திருக்கும் பெண்களுக்கு ஐந்து நிமிடம் இத்தசையைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருவதற்குக் கூடுதல் நிதி எதுவும் தேவைப்படாது. 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த திருத்தணி வட்டத்தில் தெலுங்கு பேசும் வீடுகளும், சூளைகளில் ஒடியா பேசும் பெண்களும் இருப்பதால், 'வாயுவை அடக்குவது போல' என்னும் எளிய விளக்கமே மூன்று மொழியிலும் செல்லும். 'இடுப்புத் தளம்' என்னும் கலைச்சொல் ஒன்றிலும் செல்லாது.

பிரசவத்துக்குப் பின் பழைய வேட்டியையோ புடவையையோ மடித்து வயிற்றை இறுக்கிக் கட்டும் வழக்கம் இப்பகுதி வீடுகளில் இன்றும் உண்டு. கடைகளில் விற்கும் பெல்ட் அதன் புதிய வடிவம். தளர்ந்த வயிற்றுக்கு அது வெளியிலிருந்து தாங்கலும் ஆறுதலும் தருகிறது. ஆனால் விலகிய வெண்கோட்டைச் சேர்த்துத் தைக்கும் ஆற்றல் அத்துணிக்கு இல்லை, மிகையாக இறுக்கினால் அழுத்தம் கீழே தளத்துக்கே போகிறது. இயல்பான பிரசவமானவர்கள் ஓரிரு நாளிலேயே, தையல் இருந்தாலும், வலி இல்லாத அளவில் மெல்லிய சுருக்கங்களைத் தொடங்கலாம். அறுவையானவர்கள் சிறுநீர்க்குழாய் எடுத்தபின் தொடங்கலாம். தாய்வீட்டில் பத்தியமும் ஓய்வுமாகக் கழியும் அந்த வாரங்களைக் காட்டிலும் இதற்கு ஏற்ற காலம் வேறில்லை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தாய் அதே சுகாதார நிலையத்துக்கு மூன்று முறை வருகிறாள். மூன்று முறையும் குழந்தையின் எடையைக் கேட்டறியும் செவிலியர், இருமும்போது உடை நனைகிறதா என்று அவளிடமும் கேட்கலாம்.